கடலுக்கு ஒரு கை

சிவப்புக் கோடு போட்ட பானை கித்தேரிக்கு. கோடு இல்லாத பானை அவளுடைய அம்மாவுக்கும் அப்பாவுக்கும். இரண்டு அடுப்பு, இரண்டு அகப்பை, இரண்டு உப்பு மரவை. தூத்துக்குடியின் கடற்கரைத் தெருக்களில் சின்னப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அடுக்களை இப்படித்தான் நடுவில் பிளந்து கிடந்தது. உப்பு மட்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். உப்பால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பயந்தவர்கள் அதையும் பிரித்து வைத்தார்கள்.

ஜெசிந்தாள் இரண்டு பானைகளையும் இறக்கித் தரையில் வைத்தாள். இரண்டிலும் வெள்ளைச் சோறு. ஆவியும் ஒன்றுபோலவே எழுந்தது. கித்தேரி தன் தட்டை விட்டுவிட்டு அம்மாவின் தட்டுக்கு இடது கையை நீட்டினாள்.

"ஏட்டி, கைய எடு. அது அம்மாக்குள்ளது."

"ஒரே ஒரு வாய்ம்மா."

"ஒனக்கு ஆகாது."

"தின்னா செத்துருவனா?"

"சாவ மாட்ட. ஒடம்புல ஒட்டாது. வந்த வழியே போயிரும்."

"அப்பச் சும்மா குடேன்."

மூலையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்த இஞ்ஞாசி சிரித்தான். "குடுத்துத் தொலையேம்ட்டி. ஒரு வாயில என்ன கப்பலா கவுந்துரும்?"

ஜெசிந்தாள் மீன் குழம்புச் சோற்றில் ஒரு சிறு உருண்டை பிடித்து மகளின் வாயில் வைத்தாள். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தன் தட்டிலிருந்து அவள் ஊட்டியது அதுவே முதல் தடவை. கித்தேரி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"இனிக்குதும்மா."

"மீன் கொழம்பா?"

"ஆமா. பாயாசம் மாதிரி."

"ஒங்கம்மா வச்ச கொழம்ப இனிக்குன்னு சொன்ன மொத ஆளு நீதாம்மா" என்றான் இஞ்ஞாசி. ஜெசிந்தாள் அகப்பையை அவன் பக்கம் ஓங்கினாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை. அவளுடைய நாக்கு அப்படி.

உயிருள்ளவை எல்லாம் நான்கு பொருள்களால் ஆனவை: புரதம், மாவுப்பொருள், கொழுப்பு, மரபெழுத்து. திமிங்கிலமும் கத்தரிச்செடியும் பிரிந்துபோகிற இடம் அதற்கு அப்புறம்தான். இவற்றில் பெரும்பாலானவற்றைக் கோத்துச் செய்கிற துணுக்குகளுக்கு ஒரு வினோதம் உண்டு. நம் இரண்டு உள்ளங்கைகளைப் போல அவற்றுக்கு இடம் வலம் உண்டு. விரல் எல்லாம் அதே விரல்தான், ஆனாலும் இடக்கையின் உறை வலக்கைக்குச் சேராது. உலகத்தில் முளைத்த, நீந்திய, பறந்த எல்லா உடம்பின் புரதமும் இடக்கைத் துணுக்குகளால் ஆனது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எதிர்க்கைத் துணுக்குகளைக் கொண்டு முழு உடம்பு ஒன்றைச் செய்யலாம் என்பதை ஒரு தலைமுறைக்கு முன் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்த உடம்பை எந்தக் கிருமியாலும் தொட முடியாது. கிருமியின் பல் அந்தச் சதையில் பதியாது.

அந்தக் கண்டுபிடிப்பு வந்த காலம் உருக்கிக் காய்ச்சலின் காலம். பெரியவர்களைப் படுக்கவைத்து எழுப்பிவிட்ட அந்தக் காய்ச்சல், குழந்தைகளைச் சதை கரையக் கரைய வைத்திருந்து கொண்டுபோயிற்று. ஜெசிந்தாளின் முதல் பிள்ளையும் அதில் போனது. ஞானஸ்நானத்துக்கு எடுத்து வைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டே குழிக்குள் வைத்தார்கள்.

உயிராக்கக் கழகம் என்ற நிறுவனம் அப்போதுதான் ஊருக்குள் வந்தது. அதன் முகவர் கஸ்பார் வாஸ் அதே கரையில் பிறந்து வெளியூரில் படித்தவர். மீன் ஏலக்கூடத்தில் கூட்டம் போட்டு விளக்கினார். பெற்றோர் இருவரின் மரபெழுத்தையும் படித்து, ஒரு பிள்ளைக்கு வேண்டியதைக் கோத்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதுவோம், தாயின் ரத்தம் அதற்குச் சேராது என்பதால் கருப்பேழையில் வளர்ப்போம், பிறக்கும் பிள்ளைக்கு ஆயுசுக்கும் நோய் கிடையாது என்றார்.

"அதுக்குப் பேரு கண்ணாடிப் பிள்ள" என்று முடித்தார்.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். "தம்பி, கண்ணாடிப் பிள்ளைன்னா கீழ விழுந்தா ஒடஞ்சிருமா?"

ஏலக்கூடம் குலுங்கச் சிரித்தது. சிரித்தபடியே கலைந்து போனார்கள். ஒருவரும் பேர் கொடுக்கவில்லை.

வாஸ் அடுத்த கூட்டத்துக்கு ஒரு துண்டில் இரண்டு சங்குகளைச் சுற்றிக் கொண்டுவந்தார். அந்தக் கரை சங்கு குளித்த கரை. இடம்புரிச் சங்கு எவர் வீட்டிலும் கிடக்கும், பிள்ளைகள் உருட்டி விளையாடும். வலம்புரியை ஆயுளில் ஒரு தடவை பார்த்தவன் பாக்கியவான். வாஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது நாம." மற்றதைத் தூக்கினார். "இது பொறக்கப்போற பிள்ள."

கூட்டம் முன்னால் நெருங்கி வந்து பார்த்தது. பிறகு வரிசை நின்றது. ஏலக்கூடத்தில் தொடங்கிய வரிசை மாதா கோயில் வாசல் வரைக்கும் போயிற்று.

மற்ற மொழிக்காரர்கள் ஆடிப் பிம்பம் என்றும் தலைகீழ் மனிதன் என்றும் பேர் வைத்துக்கொண்டு பயந்து விலகினார்கள். உலகத்திலேயே அதிகமான எதிர்க்கைப் பிள்ளைகள் பிறந்த இடம் அந்தக் கரை. வலம்புரி என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. வலம்புரிக்குள் குடியிருந்த உயிருக்கு அந்தக் கடலில் துணை கிடைத்திருக்குமா என்று வரிசையில் நின்ற எவரும் யோசிக்கவில்லை.

ஜெசிந்தாள் மட்டும் வாஸிடம் ஒன்று கேட்டாள். "பால் குடுக்கலாமா?"

"குடுக்கலாம்க்கா. ஆனா சத்துச் சேராது."

"பின்ன எதுக்குக் குடுக்க?"

வாஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பிள்ளைகள் நன்றாக வளர்ந்தார்கள். சளி இல்லை, சிரங்கு இல்லை, காலில் ஆணி ஏறினாலும் சீழ் வைப்பதில்லை. கொசு கடித்துவிட்டு ஏமாந்து போகும். இதயம் வலப்பக்கம் துடித்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடது கைதான் முந்தியது. "பேரு வலம்புரி, சோறு திங்கது பீச்சாங்கையில" என்று பெண்கள் குழாயடியில் கேலி பேசினார்கள். கழகத்தின் ஆலையிலிருந்து வந்த வலம்புரி அரிசியில் பொங்கிய சோறு எத்தனை நாள் கிடந்தாலும் புளிப்பதில்லை. அதைப் புளிக்க வைக்கிற நுண்ணுயிர் உலகத்தில் இல்லை. கித்தேரி துவையல் அரைக்கிற இடத்தில் வந்து நின்று, புதினா சீமைச்சோம்பு மாதிரி மணக்கிறது என்பாள். ஜெசிந்தாள் இலையைக் கசக்கித் திரும்பத் திரும்ப முகர்ந்து பார்ப்பாள். அவளுக்குப் புதினா புதினாவாகத்தான் மணக்கும். ஒரே இலையை முகர்ந்துவிட்டு அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

பிள்ளைகள் பெருகியபோது ஆலை அரிசி போதவில்லை. கழகம் பழைய உப்பளங்களைச் சுத்தம் செய்து அவற்றில் வலம்புரிப் பாசி விட்டது. அதை அரைத்து மாவாக்கி, மாவை அரிசியாக வார்க்கலாம். பாசிக்கு வேண்டியது வெயில், காற்று, உப்புத் தண்ணீர். இந்த மூன்றுக்கும் இடம் வலம் கிடையாது. அதனால் அது செழித்து வளர்ந்தது.

முதல் அறுவடைக்குத் தாய்மார்களையே கூப்பிட்டார்கள். வாஸ் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "கொப்பரையில வேகாம ஒரு துணுக்கு வெளிய போவக் கூடாது. நல்லாக் கேட்டுக்கிடுங்க. ஒரு துணுக்கு!"

பெண்கள் தலையாட்டினார்கள். கூடை கூடையாக அள்ளிக் கொப்பரையில் கொட்டினார்கள். ஆனால் அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புது வலையிலும் முதல் வீச்சில் விழுந்ததில் ஒரு கை அள்ளிக் கடலிலேயே போடுவார்கள். கடல் கொடுத்ததில் கடலுக்கு ஒரு கை. போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த தடவை கடலுக்குள் போன ஆள் திரும்பி வருவான் என்று நிச்சயம் இல்லை. பிள்ளைகளுக்காக விளைந்த முதல் விளைச்சலில் அந்தக் கையைப் போடாமல் இருக்க எந்தத் தாய்க்குத் துணிவு வரும்?

ஜெசிந்தாள் ஒரு கைப்பிடிப் பாசியை ஈரத்தோடு மடியில் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் கேட்டாள்: "வெந்ததுல இருந்து எடுத்துக்கிட்டா என்ன? அவரும் சத்தம் போட மாட்டாரு."

"வெந்ததக் கடலுக்குக் குடுப்பாங்களா? நீ குடுப்பியா?"

"நான் எங்க குடுக்கேன்" என்று சொல்லிவிட்டு அவளும் தன் மடியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். உள்ளே பச்சையாக ஒரு கை இருந்தது.

சாயங்காலம் அலைக்கரையில் எல்லாரும் இருந்தார்கள். ஜெசிந்தாள் முட்டளவு தண்ணீரில் நின்று, மாதாவே எம் பிள்ள பசி தெரியாம வளரணும் என்று சொல்லிக் கையை விரித்தாள். பச்சை அலையில் கலைந்தது. வாஸின் அம்மாவும் கொஞ்சம் தள்ளி நின்று கையை விரித்துக்கொண்டிருந்தாள். வாஸ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடல் அந்த வேண்டுதலைக் கேட்டது.

கித்தேரி பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புக்குப் போன காலத்தில் இஞ்ஞாசி ஒரு கூடை சாளை கொண்டுவந்து அடுக்களையில் கவிழ்த்தான். கூடையே எடையில்லாமல் இருந்தது. ஜெசிந்தாள் ஒரு மீனை எடுத்துப் பார்த்தாள். முதுகெலும்பு தோலுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. அரிவாள்மணையில் வைத்துப் பிளந்தாள். பச்சைக் களி பிதுங்கியது.

"வயிறு முட்டத் தின்னுருக்கு" என்றாள். "பின்ன ஏன் இப்பிடிக் காஞ்சு கெடக்கு?"

"தின்னது ஒட்டல."

"என்னத்தத் தின்னுச்சு?"

இஞ்ஞாசி அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ என்னத்தப் போட்டியோ அதத்தான்."

"நான் ஒரு கைதான போட்டேன்."

"தெருவே ஒரு கை போட்டுது."

அந்தச் சாளையைக் குழம்பு வைத்தபோது குழம்பில் சாறு இறங்கவில்லை.

மீன் தின்று செரிக்க முடியாத பாசி, நண்டு தின்ன முடியாத பாசி, செத்தாலும் அழுகாத பாசி. அழுகுவது என்றால் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. இலை அழுகி மண்ணுக்குக் கொடுக்கிறது, மண் வேருக்குக் கொடுக்கிறது. வலம்புரிப் பாசி வாங்க மட்டும் வாங்கியது. தண்ணீரின் சத்தையும் மண்ணின் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு அடுக்கடுக்காகப் படிந்தது. காற்று அதன் பொருக்கை உள்நாட்டுக்குக் கொண்டுபோய்க் குளங்களில் விதைத்தது. நெல் ஒரு பருவம் சோகை பிடித்து நின்றது, அடுத்த பருவம் முளைக்கவே இல்லை. பிறகு ஆடு மாடுகள் போயின. நிவாரணக் கப்பல் கொஞ்ச காலம் வந்தது. மற்றக் கரைகளுக்கும் பாசி போய்ச் சேர்ந்தபோது கப்பலும் நின்றது. கழகத்தின் ஆட்கள் கடைசிக் கப்பலில் ஏறினார்கள். வாஸ் ஏறவில்லை. அவருடைய அம்மாவை ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். மெலிந்து போய் ஏலக்கூடத்துத் தூணில் சாய்ந்து கிடந்த அவரைக் கடைசியாகப் பார்த்தவர்கள் உண்டு.

இதற்கெல்லாம் நடுவில் வலம்புரிப் பிள்ளைகள் தேக்குமரம் மாதிரி வளர்ந்து நின்றார்கள். கடற்கரை முழுவதும் அவர்களுக்குச் சாப்பாடு ஒதுங்கிக் கிடந்தது. குனிந்து அள்ளினால் போதும். அந்தக் கரையில் அப்படி ஒரு விளைச்சலை எந்தத் தலைமுறையும் கண்டதில்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இதைச் சொல்லியாக வேண்டும். கழகம் விட்டுப்போன ஆலைகளைத் தாங்களே ஓட்டக் கற்றுக்கொண்டு, முதல் வேலையாகப் பெற்றோருக்காகத் திருப்பும் ஆலை ஒன்றை, திருப்பாலையை, நிறுவினார்கள். பாசியின் புரதத்தைத் துணுக்குத் துணுக்காக உடைத்து, ஒவ்வொரு துணுக்கையும் இடக்கையாகத் திருப்பி மறுபடி கோக்கும் இயந்திரம் அது. ஒரு கைப்பிடி மாவு வருவதற்குள் ஊரின் சூரியத்தகடுகள் பிடித்த மின்சாரத்தையெல்லாம் குடித்துவிடும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கை மாவு. அதைக் கஞ்சியாக்கி இடம்புரிகள் உயிரோடு இருந்தார்கள். இடம்புரிகள் என்பது பிள்ளைகள் பெற்றோரைச் சொன்ன பெயர். அதில் ஏளனம் எதுவும் இல்லை.

கித்தேரிக்குத் திருப்பாலையில் வேலை. ஒரு நாள் ஒரு குப்பி எண்ணெயோடு வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"யம்மா, இத ஊத்திக் குடி. பாசி எண்ண."

"ஒங்க பாசி எங்களுக்கு ஆகாதேட்டி."

"எண்ண ஆகும்மா. கொழுப்புக்குக் கை கெடையாது. அது நேரா நீட்டமா இருக்கும், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணுதான். ஒனக்கும் ஆகும், எனக்கும் ஆகும்."

ஜெசிந்தாள் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். மகளின் விரலிலும் ஒரு சொட்டு விட்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சப்புக்கொட்டினார்கள்.

"எப்பிடி இருக்கு ஒனக்கு?" என்றாள் ஜெசிந்தாள்.

"வழவழன்னு. ஒண்ணும் ருசி இல்ல."

"எனக்கும் அப்பிடித்தான்" என்று சொன்ன ஜெசிந்தாள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மகளும் தானும் ஒரே ருசியைச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஆனால் எண்ணெய் உடம்புக்குள் எரியத்தான் உதவும், சதை பிடிக்காது. திருப்பாலையின் ஒரு கை மாவுதான் உயிர். இஞ்ஞாசி அந்த ஒரு கையையும் மனைவியின் பானையில் போட்டுக்கொண்டிருந்தான் என்பது அவன் படுத்த பிறகுதான் தெரிந்தது. "ஆலையிலயே குடிச்சிட்டேன்" என்பான். மாவு வாங்கப் போகிற ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர்களுடைய சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். தித்திப்பான சோறு. வயிறு நிறையும். வேறு ஒன்றும் நடக்காது.

"நான்தான்ம்மா பரிமாறினேன்" என்று கித்தேரி அழுதாள். "வேணும் வேணும்னு வாங்கித் தின்னாங்க. அப்பாக்கு எங்க சோறு புடிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்."

இஞ்ஞாசி சாகிறபோது அவன் வயிறு நிறைந்திருந்தது. பசிக்குதா என்று ஜெசிந்தாள் கேட்டதற்கு, இல்லவே இல்லட்டி என்றான். அது உண்மை. அவனைப் புதைத்த மண்ணில் அவனைத் தின்று கரைக்கவும் போதுமான உயிர் இருந்ததா என்பது சந்தேகம்.

அதன் பிறகு ஜெசிந்தாள் அந்த ஒரு கைக் கஞ்சியை ஒரு பருக்கை சிந்தாமல் குடித்தாள். சாகக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தாள். புருஷன் தன் பங்கைத் தின்னாமல் போட்டது அவளுடைய உடம்பில் இருந்தது. அதை விட்டுவிட அவளுக்கு மனசு இல்லை. தெருவில் மிச்சமிருந்த ஒன்றிரண்டு பேர் பேச்சுக்கு வந்தால் பேச மாட்டாள், பேசினால் சக்தி போய்விடும் என்று. நிழலில் உட்கார்ந்து, மகள் கொண்டுவருகிற தூக்குச்சட்டிக்காகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்று மத்தியானம் கித்தேரி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தாள். ஓடி வந்திருக்கிறாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"யம்மா, தீர்மானம் ஜெயிச்சிட்டு."

"என்ன தீர்மானம்?"

"பெற்றோர் காப்புத் தீர்மானம். ஏலக்கூடத்துல கைதூக்கி ஓட்டுப் போட்டோம். ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லல."

"அப்ப ரெண்டு கை மாவு வருமா?"

கித்தேரி அம்மாவுக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கைக்குள் அம்மாவின் இரண்டு கைகளும் அடங்கிப் போயின.

"மாவு குடுத்து எத்தன நாளும்மா ஓட்ட முடியும்? நீயே பாரு, எப்பிடி ஆயிட்ட. திருப்பாலைய எவ்வளவு ஓட்டினாலும் நீங்க தேயத்தான் செய்தீய. அப்பா மாதிரி ஒன்னயும் விட்டுருவோமா நாங்க? அந்த மின்சாரத்தக் கருப்பேழைக்குத் திருப்பினா ஒங்க எல்லாரையும் எழுதிரலாம். வலம்புரியா. போன மாசம் ஒங்கிட்ட ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன்லா, அது அதுக்குத்தான். சொல்லிட்டு எடுத்தா ஆசப்பட்டு, பொறவு ஓட்டுல தோத்தா ஏங்கிப் போவியேன்னு சொல்லல. ஒன் எழுத்து முழுசாப் படிச்சாச்சு. தை மாசத்துல நீ பொறந்துருவ."

ஜெசிந்தாள் மகளின் முகத்தையே பார்த்தாள். "நான் இங்கதானட்டி இருக்கேன்."

"இருக்க. அதனாலதான் எழுத்து சுத்தமாக் கெடச்சுது."

"அதுக்கு என்னத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒங்கப்பாவ?"

"எப்பிடித் தெரியும்? அப்பாவயும்தான் எழுதுதோம். வல நூல்ல ஒட்டியிருந்த மயிர்ல இருந்து எடுத்தோம், பாதி தேறிரும்."

"அப்ப அது எப்பிடி நானாவும்?"

கித்தேரிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. அம்மா பசி மயக்கத்தில் கேட்கிறாள் என்று நினைத்து நிதானமாகச் சொன்னாள். "ஒண்ணாப்பு படிக்கும்போது நான் அழுதுட்டு வந்தேன், ஞாவகம் இருக்கா? நீ ஒங்கம்மா வயித்துல பொறக்கல, பேழையிலதான் பொறந்தன்னு ஒரு டீச்சர் சொன்னாங்கன்னு. நீ என்ன சொன்ன? வயித்துல என்னட்டி இருக்கு, எழுத்து எங்க எழுத்து, அதனால நீ எங்க பிள்ளதான்னு சொன்ன. அன்னைக்குப் பூரா என்னத் தூக்கிட்டே திரிஞ்ச. அதத்தான் நான் ஏலக்கூடத்துல எந்திரிச்சுச் சொன்னேன். எங்கம்மா சொல்லிக் குடுத்ததுன்னு. எல்லாரும் கை தூக்கினாங்க."

சொன்னது அவள்தான். அன்றைக்கு அது பொய்யும் இல்லை.

"ஆல எப்ப நிக்கும்?" என்று கேட்டாள்.

"இன்னைக்குக் காலையில நிப்பாட்டியாச்சு. பேழ சூடாவணும்லா."

கித்தேரியின் பக்கத்தில் தூக்குச்சட்டி இருந்தது. ஜெசிந்தாள் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே எண்ணெய் இருந்தது.

"எண்ணய நிப்பாட்ட மாட்டோம்மா. எவ்வளவு வேணும்னாலும் தாரோம். நீ ஒண்ணும் கவலப்படாத. ஒன்ன நான்தான் வளக்கப்போறேன், எழுதி வாங்கிட்டேன். ஒரே பானையில பொங்கி, ஒரே தட்டுல போட்டு, நானே ஊட்டுவேன். ஒனக்கு இந்தத் தரம் எந்தக் கொறையும் இருக்காது."

வெளியே கடல் அலையில்லாமல் கிடந்தது. பாசி அவ்வளவு கனம். யாரோ வலம்புரிப் பிள்ளைகள் பாட்டுப் பாடியபடி அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தாள் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். அந்த ஒரு காரியத்துக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சளி புடிக்காமப் பாத்துக்கோ. எனக்குச் சின்னதுல நெஞ்சு கட்டும்."

"வலம்புரிக்குச் சளி புடிக்காதும்மா."

"ஆமா. புடிக்காது." அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "அழுதா ஒடனே தூக்கிக் குடுத்துரு, என்ன? நேரத்தப் பாத்துக்கிட்டு நிக்காத. எனக்குப் பசி தாங்காது."

"சரிம்மா" என்று கித்தேரி கவனமாகத் தலையாட்டினாள். "அதக் குறிச்சு வைக்கேன்."